ஆமாம், லூசி பாத்திரம் கழுவினாள்

ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாளாக மனதை அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. "வேலைக்காரியா போய் நாலு பாத்திரம் கழுவினதெல்லாம் துப்பறியறதா?" என்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலில் வரும் லூசியைப் பற்றி ஒருவர் கேட்டதும் எல்லோரும் சிரித்ததும் வந்திருந்தவர்களுக்குத் தெரியும். பதில் சொல்ல எழுந்தேன். நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அதனால் இங்கே சொல்கிறேன்.

ஆமாம், பாத்திரம் கழுவினாள். கழுவியதால்தான் கண்டுபிடித்தாள்.

அந்த நாவல், '4.50 ஃப்ரம் பாடிங்டன்', 1957-இல் வந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் போகும் ரயிலில் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பதை தன் ரயிலிலிருந்து மெக்கிலிகடி அம்மாள் பார்த்துவிடுகிறார். போலீஸ் தேடுகிறது. பிணம் கிடைக்கவில்லை என்றதும் கையைக் கழுவிவிடுகிறது. அவருடைய தோழி மிஸ் மார்பிள், கிறிஸ்டியின் கதைகளில் துப்பறிகிற பாட்டி, வயதாகிவிட்டதால் அலைய முடியாது. பிணத்தைத் தேட அவர் அனுப்புகிறவள்தான் லூசி ஐல்ஸ்பாரோ. 32 வயது, ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத்தில் முதல் வகுப்பு. வீட்டு வேலைக்கு நல்ல ஆள் கிடைக்காத காலத்தில் அதையே தொழிலாக எடுத்துக்கொண்டு, கேட்ட சம்பளத்தை வாங்குகிறவள். ரயில் பாதையை ஒட்டிய ரதர்ஃபோர்டு ஹாலில் வேலைக்குச் சேர்கிறாள்.

கோல்ஃப் பழகுகிறேன் என்று சொல்லிவிட்டு, பந்து தேடுகிற சாக்கில் ரயில்வே கரைச் சரிவை அலசுகிறாள். கிழிந்த ரோமத் துணுக்கு கிடைக்கிறது, ஒரு பவுடர் டப்பா கிடைக்கிறது. அப்புறம் கொட்டகையில் கிடக்கும் பழைய கல் சவப்பெட்டியின் மூடியை ஒற்றை ஆளாக நெம்பித் திறக்கிறாள். பிணம் அதற்குள்தான் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் அடுப்பு வேலையும் நிற்கவில்லை. அந்த வீட்டு ஆண்கள் ஒவ்வொருவராக சமையலறைக்கு வந்து அவளிடம் மனதில் இருப்பதைக் கொட்டுகிறார்கள். இன்ஸ்பெக்டரிடம் அப்படிப் பேசுவார்களா?

"கொலைகாரனைப் பிடித்தது மார்பிள்தானே" என்பீர்கள். சரி, முடிச்சை அவிழ்த்தது அவர்தான். பிணமே கிடைக்காமல் எந்த முடிச்சை அவிழ்ப்பது? 1961-இல் படம் எடுத்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். லூசியை அடியோடு எடுத்துவிட்டு மார்பிளையே வேலைக்காரியாக அனுப்பினார்கள். என்னால் அந்தப் படத்தைப் பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை.

"கதைதானே, இதற்கா இவ்வளவு கோபம்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

"லூசி படித்தவள், பிடிக்காவிட்டால் விட்டுப் போகலாம், நிஜ வேலைக்காரி அப்படியா?" என்று கேட்டால் மட்டும் எனக்கு வலிக்கிறது. உண்மைதான். என் அம்மாவுக்கு அந்த வசதி இருந்ததில்லை. பதினோரு வருடம் இரண்டு வீடுகளில் சமைத்தார். ஒரு வீட்டில் பெரியவரின் காபி டம்ளரைக் கழுவும்போது அடியில் பாதி கரைந்த மாத்திரை ஒட்டியிருந்தது. மறுநாளும் இருந்தது. விரலால் சுரண்டி எடுத்து, ஒரு காகிதத்தில் மடித்து, பெரியவரின் மகனிடம் காட்டினார். "ஐயா மாத்திரையை முழுங்கறதில்லப்பா, டம்ளர்ல துப்பிடறாரு." அவர் அந்தக் காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க சமையலை மட்டும் பாருங்கக்கா" என்றார். மூன்றாவது வாரம் பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகும் அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் பார்க்காததை, பெற்ற பிள்ளை பார்க்காததை, டம்ளர் கழுவியவர் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர்களே, உங்கள் வீட்டு டம்ளரை யார் கழுவுகிறார்கள்? அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

அன்று இரவு அம்மாவுக்கு லூசி கதையை முழுக்கச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். பிணம் கிடைத்த இடத்தில் மட்டும் கை நின்றது. முடிந்ததும், "அந்தப் பொண்ணு சொன்னதை அவங்க நம்பினாங்களா?" என்றார்.

நம்பினார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல், மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.