ஊசி போட்டால் போன கால் முளைக்குமா?

"மிதிவெடியில் போன கால் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் ஒன்றரை வருசத்தில் முளைக்கும், வெளிநாட்டில் நிரூபித்துவிட்டார்கள், பதிவுக்கு இப்பவே காசு கட்டுங்கள்" என்று ஒரு குரல்பதிவு கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் வட்சப்பில் சுற்றுகிறது. பொய்.

ஒன்றரை வருசக் கணக்கு மட்டும் எங்கிருந்தோ எடுத்ததுதான். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் டஃப்ட்ஸ், ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நடந்தது தவளையில். வளர்ந்த ஆபிரிக்கத் தவளையின் பின்னங்காலை வெட்டிய உடனேயே, ஐந்து மருந்து கலந்த பட்டுப்புரதக் களியைச் சிலிக்கன் மூடிக்குள் வைத்து 24 மணி நேரம் மாட்டினார்கள். 18 மாதத்தில் எலும்பு நீண்டு, நரம்போடு கால் மாதிரி ஒன்று வளர்ந்தது. தவளை அதை வைத்து நீந்தியது. ஆனால் விரல்களுக்குள் எலும்பு இல்லை. ஸ்டெம் செல் ஊசியும் இல்லை. மருந்து வைத்தது பச்சைக் காயத்தில். 2009 போர்க்காலத்தில் வெட்டித் தழும்பேறிய காலில் அல்ல.

"பல்லிக்கு வால் முளைக்குதுதானே" என்பார்கள். சரி, அந்தப் புது வாலிலும் முள்ளெலும்பு வராது, குருத்தெலும்புக் குழாய்தான்.

மனிதருக்குக் கல்லீரலில் ஒரு பகுதி போனாலும் திரும்ப வளரும். நகத்தடி தப்பினால் சிறுபிள்ளையின் விரல்நுனி வளரும். தீக்காயத்துக்கு ஆய்வுகூடத்தில் வளர்த்த தோலை ஒட்டலாம். முழுக் கால் இதுவரை ஒருவருக்கும் முளைத்ததில்லை.

வெட்டிய இடத்தில் நரம்பு வலியோ, செயற்கைக்கால் உரசிப் புண்ணோ இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. கால் செய்த இடத்திலோ ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். காசு கேட்ட நம்பரைப் பொலிசில் கொடுங்கள்.