வயலின் யாருக்காக அழுகிறது?

இலக்கிய வகுப்பில் யதார்த்தவாதப் பாடத்துக்குக் குழு ப்ராஜெக்ட் கொடுப்பது வீண் வேலை என்று சக ஆசிரியர் ஒருவர் போன வாரம் சொன்னார். "ஆளுக்கு நாலு ஸ்லைடு போட்டு ஒட்டிக்கொண்டு வருவாங்க. இலக்கியம் எங்கே இருக்கு அதில?" அவர் சொல்வதில் பாதி உண்மை. முதல் இரண்டு வருஷம் எனக்கும் அதுதான் கிடைத்தது. பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் பிறந்த வருஷம், இறந்த வருஷம், ஒரு படம், கடைசியில் பூப்போட்ட 'நன்றி'. அட்டையில் ஐந்து பெயர், வேலை செய்தது ஒருத்தி.

ஆனாலும் இந்தப் பாடத்தை வேறு வழியில் நடத்த எனக்கு இனி மனசு வராது. அவருக்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

யதார்த்தவாதம் என்றால் என்ன என்று கேட்டால் எல்லோரும் எழுதுவது 'உள்ளதை உள்ளபடி சொல்வது'. தேர்வில் அதற்கு மார்க்கும் விழும். என் அனுபவத்தில் இந்தப் பாடத்துக்கு அந்த வரியைவிடப் பெரிய தடை இல்லை. ஒரு அறையை வர்ணிக்க உட்கார்ந்து பாருங்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்ற கேள்வி முதல் வரியிலேயே வந்து நிற்கும். 19ஆம் நூற்றாண்டில் நடந்த சண்டையே யாரைச் சொல்லலாம், அவர்களுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பதைப் பற்றியதுதான்.

அதனால் நான் நாவலில் தொடங்குவதில்லை. பிரெஞ்சு ஓவியர் கூர்பே வரைந்த 'ஒர்னானில் ஒரு சவ அடக்கம்' ஓவியத்தில் தொடங்குகிறேன். ஆறரை மீட்டருக்கு மேல் அகலம், மூன்று மீட்டருக்கு மேல் உயரம். அவ்வளவு பெரிய திரையில் அன்று அரசர்களையும் போர்களையும் புராணங்களையும்தான் வரைவார்கள். இவரோ சாதாரண ஊர்க்காரர்களைக் குழியைச் சுற்றி வரிசையாக நிறுத்திவைத்தார். 1855 பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு அந்த ஓவியத்தை எடுத்துக்கொள்ள மறுத்தார்கள். அவர் பக்கத்திலேயே தனியாக ஒரு கூடம் போட்டு, அதற்கு 'யதார்த்தவாதம்' என்று பெயர் வைத்துத் தன் படங்களைக் காட்டினார். இதைச் சொல்லிவிட்டு இரண்டு பேரிடம் நூலைக் கொடுத்து வகுப்பறைச் சுவரில் ஆறரை மீட்டர் பிடிக்கச் சொல்வேன். நூல் கரும்பலகையைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அப்போதுதான் பிள்ளைகள் முகத்தில் 'ஓ' என்று ஒரு மாற்றம் தெரியும்.

பிறகு ப்ராஜெக்ட். ஐந்து பேர் கொண்ட குழு. வேலை செய்கிற ஒருவரைப் பற்றி மூன்று நிமிஷ வீடியோ, அல்லது ஒலிப்பதிவு, அல்லது படத்தொகுப்பு. நிபந்தனை ஒன்றுதான்: முதலில் ஒரு மணி நேரம் போனை வெளியே எடுக்காமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஆளுக்கொரு நோட்டில் எழுத வேண்டும். பிரெஞ்சு நாவலாசிரியர் ஸோலா சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி நாவல் எழுதுவதற்கு முன் 1884இல் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த ஆன்ஸான் பகுதிக்குப் போய், சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிப் பார்த்துக் குறிப்பெடுத்தார். பார்ப்பதும் உழைப்புதான் என்று பிள்ளைகளுக்குப் புரிய அந்த ஒரு செய்தி போதும்.

போன செமஸ்டரில் ஒரு குழு இரவுக் காவலாளி ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. முதலில் எடிட் செய்த வடிவத்தைப் போட்டுக் காட்டினார்கள். கறுப்பு வெள்ளை, ஸ்லோமோஷன், சோகமான வயலின், கடைசியில் 'இவர்களும் மனிதர்களே' என்று எழுத்து. வகுப்பு கைதட்டியது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

"அவர் அன்னிக்கு அழுதாரா?"

"இல்ல மேடம். நல்லா பேசினார்."

"அப்போ வயலின் யாருக்காக அழுகுது?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எடிட்டிங் செய்த பையன், "மியூசிக்கை எடுத்துட்டா ஃபீலே வராது மேடம்" என்றான். எடுத்துப் பார்ப்போம் என்றேன். எடுத்தோம். நாற்காலியின் கிரீச் சத்தம், சாவிக்கொத்து, தூரத்தில் ஒரு வண்டி, பேனா மூடி 'டிக்' என்று விழும் சத்தம் எல்லாம் அதுவரை வயலினுக்கு அடியில் கிடந்திருக்கின்றன.

பேனாவை அப்போதுதான் கவனித்தோம். வருகைப் பதிவு நோட்டோடு அது ஒரு நூலால் கட்டப்பட்டிருந்தது. குழுவில் ஒரு பெண் தன் குறிப்பில் எழுதியிருந்தாள்: 'பதினோரு மணிக்கு மேல் யாரும் வரவில்லை. ஆனாலும் அரைமணிக்கு ஒருமுறை நேரத்தை எழுதி எதிரே ஒரு கோடு போடுகிறார்.' இந்த வரியை நான் வகுப்பில் இரண்டு முறை வாசித்தேன். வீடியோவில் அது இல்லவே இல்லை. அழகாக இல்லை என்று வெட்டிவிட்டார்களாம்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் 'எளிய உள்ளம்' கதையில் ஒரு பழைய பியானோ, அதற்கு மேலே காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு பாரோமீட்டர். கதைக்கு அந்தப் பாரோமீட்டரால் ஒரு உபயோகமும் கிடையாது. பின்னே ஏன் இருக்கிறது என்று பிரெஞ்சு விமர்சகர் ரோலன் பார்த் 1968இல் ஒரு கட்டுரையே எழுதினார். 'நான் நிஜம்' என்று சொல்வதற்காக மட்டுமே அது அங்கே இருக்கிறது என்பது அவர் பதில். எத்தனையோ வருஷம் பலகையில் எழுதிப்போட்டும் ஒருவருக்கும் ஏறாத விஷயம் இது. அன்று ஒருவன் தானாகவே கேட்டான்: "அந்த நூலும் பாரோமீட்டர் மாதிரியா மேடம்?" உடனே இன்னொருத்தி மறுத்தாள். நூல் சும்மா இல்லை, பேனாவை வாங்குகிறவர்கள் திருப்பித் தருவதில்லை என்று அது சொல்கிறது என்றாள். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

கேமராவுக்கு எட்டாத இடமும் உண்டு. கணவனை விட்டு வேறு ஆண்களை நாடும் எம்மாவின் கதை 'மதாம் பொவாரி' நாவல். அதற்காக 1857இல் ஃப்ளோபேர் மீது ஒழுக்கக்கேடு என்று வழக்கு நடந்தபோது, இந்தப் பெண்ணைக் கண்டிக்க நாவலில் ஒருவர்கூட இல்லையே என்பது அரசு வழக்கறிஞரின் பெரிய குறை. கதை சொல்லும் குரல் சத்தமில்லாமல் எம்மாவின் மனசுக்குள் நழுவிவிடுகிறது. இது ஆசிரியர் சொல்வதா, அவள் நினைப்பதா என்று பிரித்தெடுக்க முடிவதில்லை. வழக்கில் ஃப்ளோபேர் விடுதலையானார். இதை வீடியோவாக எடுக்க முடியாது, ஒலியாகச் செய்யலாம். ஒரு பத்தியை எடுத்து, கதைசொல்லிக்கு ஒரு குரல், எம்மாவுக்கு ஒரு குரல் என்று பிரித்துப் பதிவு செய்யச் சொன்னேன். எந்தச் சொல்லில் குரல் மாற வேண்டும் என்று இரண்டு நாள் சண்டை. ஒரே வாக்கியத்தை ஏழெட்டுத் தடவை வாசித்தார்கள். அந்தச் சண்டைக்காகத்தான் நான் ப்ராஜெக்டே கொடுக்கிறேன்.

மார்க் விஷயம் சுருக்கமாக. பாதி மார்க் தனித்தனி நோட்டுக்கு. எடிட்டிங் திறமைக்கு மார்க் கிடையாது. நல்ல போன் இல்லாத பிள்ளை அதனால் பின்தங்கக்கூடாது. நாவலில் எந்தப் பக்கம் இப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது என்று ஒவ்வொரு குழுவும் வாசித்துக்காட்ட வேண்டும். இதை மட்டும் விட்டால் சக ஆசிரியர் சொன்னதே நடக்கும்: படம் மிஞ்சும், நாவலை ஒருவரும் திறந்திருக்கமாட்டார்கள். மூன்று வாரம் போகிறது, போர்ஷன் குறைகிறது என்பதும் நிஜம். ஒரு நாவலைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்பது என் முடிவு.

'இலக்கியம் எங்கே' என்ற கேள்விக்கு வருகிறேன். முடித்த வீடியோவை அந்தக் காவலாளியிடமே முதலில் காட்டச் சொல்லியிருந்தேன். பார்த்தார், சிரித்தார், ஒரு இடத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். வீட்டிலிருந்து அவருக்கு ஒரு போன் வரும் இடம். என்ன பேசினார் என்று இங்கேயும் சொல்லமாட்டேன். குழு இரண்டாகப் பிரிந்தது. "அதுதானே மேடம் படத்தோட உயிரே. உண்மையை வெட்டச் சொல்றீங்களா?" என்று ஒருவன். "அவர் முகம் தெரியுதுடா" என்று இன்னொருத்தி.

வெட்டினார்கள். ஆனால் அந்தக் குறிப்பெழுதிய பெண்ணுக்கு அது மனசில் கிடந்து உறுத்தியிருக்கிறது. ஒரு வாரம் கழித்து ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். காவலாளி இல்லை, தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் இரவு வேலை பார்க்கும் ஒரு பெண். வேறு வயது, வேறு வீடு, போனில் பேசுவதும் முற்றிலும் வேறு விஷயம். பேச்சு முடிந்ததும் அந்தப் பெண் போனை மேஜைமேல் கவிழ்த்து வைக்கிறாள். நூலை இழுத்துப் பேனாவை எடுக்கிறாள். நோட்டில் பதினொன்றரை என்று எழுதி, எதிரே ஒரு கோடு போடுகிறாள்.