பொல் பொட் வறுமையில் பிறந்தவர் அல்லர்

கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் கம்யூனிஸ்டுகளின் தலைவர் பொல் பொட்டைக் கொடுங்கோலனாக்கியது வறுமைதான் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. என்னால் இதை ஏற்க முடியவில்லை. சலோத் சார் என்ற இயற்பெயர் கொண்ட அவர், வயலும் மாடும் உள்ள வசதியான விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. உறவுப் பெண்கள் அரண்மனையில் இருந்தார்கள். 1949இல் புலமைப்பரிசில் பெற்று பாரிஸ் போனார், வானொலித் தொழில்நுட்பம் படிக்க. பரீட்சைகளில் தவறி 1953இல் திரும்பினார். பிறகு ஆசிரியர் வேலை. மென்மையாகப் பேசுவார், பிரெஞ்சுக் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்வார் என்று அவரிடம் படித்த பிள்ளைகளே நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கிளிநொச்சியில் வகுப்பறையில் நிற்கும் எனக்கு நெஞ்சைப் பிசைவது இதுதான்.

1963இல் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளராகிக் காட்டுக்குள் போனார். அமெரிக்கக் குண்டுவீச்சும், 1970இல் தளபதி லொன் நொல் செய்த ஆட்சிக் கவிழ்ப்பும் இல்லாவிட்டால் அவர் அங்கேயே கிடந்திருப்பார் என்பது என் எண்ணம். அந்தக் கவிழ்ப்பில் பதவி பறிபோன முன்னாள் மன்னர் சிஹானூக் கெமர் ரூஜ் பக்கம் சேர்ந்ததும், மன்னருக்காகவென்றே கிராமத்து இளைஞர்கள் துப்பாக்கி தூக்கினார்கள். இதைக் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது.

1975 ஏப்ரல் 17இல் தலைநகர் புனோம் பென்னைப் பிடித்ததும் அதன் மக்களை, குண்டு விழப்போகிறது, சில நாளில் திரும்பலாம் என்று சொல்லித்தான் வெளியேற்றினார்கள். நோயாளிகளைக் கட்டிலோடும் சேலைன் போத்தலோடும் உறவினர்கள் தெருவில் தள்ளிக்கொண்டு போனார்கள். இறுதிப் போரில் மரக்கிளையில் சேலைன் தொங்கியதைக் கண்ட எங்கள் வன்னி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடுத்த பகுதியிலாவது அந்தச் சனங்களைப் பற்றி எழுதுங்கள், ஐயா.