எதிலிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள்

ஆய்வகத்தில் வளர்த்த திசு வந்துவிட்டால், இறங்கிய ஈற்றில் வைத்துத் தைக்கும் ஈறு ஒட்டுக்காக அண்ணத்திலிருந்து (வாயின் மேற்கூரையிலிருந்து) சதை எடுக்க வேண்டியிருக்காது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பினாங்கில் என் அம்மாவுக்கு அந்தச் சிகிச்சை நடந்தபோது நான்தான் கூட இருந்தேன். ஒட்டுப் போட்ட ஈறு அவ்வளவாக வலிக்கவில்லை. வெட்டி எடுத்த அண்ணம்தான் பாடாய்ப் படுத்தியது. ஆறிய கஞ்சியைக்கூட நாக்கால் ஒரு பக்கமாக ஒதுக்கித்தான் விழுங்கினார். அந்த இரண்டாவது காயம் இல்லாமல் போவதே பெரிய விஷயம்.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அமெரிக்காவில் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012-இல் அனுமதித்த ஜின்டுயிட் என்ற ஆய்வகத் திசுவில், தானமாகப் பெற்ற மனிதத் தோல் செல்களோடு மாட்டுக் கொலாஜனும் (தோலிலும் சதையிலும் உள்ள புரதம்) இருந்தது. பன்றிக் கொலாஜனில் செய்த ஒட்டுகளும் சந்தையில் உண்டு. கோயிலும் சூரா என்னும் சிறு தொழுகைக் கூடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில் இது சின்ன விஷயமா? அம்மா வாழ்நாளில் மாட்டிறைச்சியைத் தொட்டதில்லை.

அதோடு, ஜின்டுயிட்டுக்கு அனுமதி கிடைத்தது கெட்டியான ஈற்றுப் பரப்பைக் கூட்டத்தான். வெளியே தெரியும் பல் வேரை மூட அல்ல. ஈறு இறங்கியவர்களில் பலர் எதிர்பார்ப்பதோ வேர் மூடுவதை. கையெழுத்து வாங்கும் முன்பே மருத்துவர் இந்த இரண்டையும் தமிழிலோ மலாயிலோ புரியும்படி சொல்லிவிட வேண்டும். விலையை அப்புறம் பேசலாம்.