இன்னொன்று வெட்டித் தர முடியாது

சனிக்கிழமை விழாவில் நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். படங்களும் சுற்றிவிட்டன. சிறப்பு விருந்தினரின் நாற்காலிக்குப் பின்னால், ஃபிளெக்ஸ் பேனரின் மேல், செல்லோடேப்பால் ஒட்டப்பட்டிருந்தது, ஒரே தாளைக் கத்தியால் வெட்டி நான் செய்த காகித வெட்டுப் படைப்பு. விழா முடிந்ததும் பேனரைக் கழற்றுகிற அவசரத்தில் அதையும் சேர்த்து இழுத்துக் கிழித்துவிட்டார்கள். அதைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை ஏற்பாட்டாளர்களிடமிருந்து வந்த குரல்பதிவைத்தான் தாங்க முடியவில்லை. "காகிதம்தானே மேடம், இன்னொன்று வெட்டிக் கொடுத்துவிடுங்கள். காகிதச் செலவு என்னவோ அதைத் தந்துவிடுகிறோம்."

இன்னொன்று வெட்டித் தர முடியாது. அது ஒன்றுதான். இதைத்தான் தொலைபேசியில் சொன்னேன், கடிதத்தில் எழுதினேன், இப்போது இங்கேயும் எழுதுகிறேன்.

எப்படி வெட்டுகிறோம் என்று பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் அறுவை சிகிச்சைக்குப் பயன்படுத்தும் 11ஆம் எண் பிளேடுதான் என் கருவி. முனை ஒடிந்தாலும் மழுங்கினாலும் உடனே மாற்றியாக வேண்டும். மழுங்கிய கத்தி காகிதத்தை வெட்டாது, பிய்க்கும். மிகச் சிறிய உள்வெளிகளை முதலில் வெட்டுவோம், பெரியவற்றைக் கடைசியில். வரிசையை மாற்றினால் தாள் வலுவிழந்துவிடும். அதன்பின் நுண்வேலைக்குக் கத்தியை வைத்தாலே எல்லாம் சேர்ந்து இழுபடும். வளைவு வந்தால் கையைத் திருப்புவதில்லை, தாளைத்தான் திருப்புகிறோம். ஒரு மில்லிமீட்டர் இணைப்பு தவறுதலாக அறுந்தால் ஒரு கிளை முழுவதும் கையோடு வந்துவிடும். மின்விசிறி போட முடியாது. சென்னையில், மே மாதத்தில், மின்விசிறி இல்லாமல், வியர்வை தாளில் படாதபடி மணிக்கட்டுக்கு அடியில் துணியை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மழைக்காலம் வேறு விதமான தொல்லை. தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கூரான கத்தியும் இழைகளைக் கிளப்பும். அந்த நாட்களில் வெட்டாமல் காத்திருப்பதும் வேலைதான், அதற்குக் கூலி இல்லை.

கிழிந்தது எங்கள் ஊர்த் தேரிக்காட்டுப் பனைகள், அந்தச் செம்மணல் மேட்டில் நிற்பவை. ஒரே தாள், எங்கும் ஒட்டு இல்லை. ஓலைகளில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளை நார் நாராக வெட்டியிருந்தேன். மறுபடி பனைமரம் வெட்டலாம், குருவிக்கூடும் வெட்டலாம். அது வேறு மரமாக, வேறு கூடாகத்தான் இருக்கும். என் கை இந்த ஆண்டு போகிற வழியில் அடுத்த ஆண்டு போகாது.

"கண்ணாடி போட்டுப் பாதுகாப்பாகக் கொடுத்திருக்க வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கண்ணாடி போட்டுத்தான் கொடுத்தேன் ஐயா. கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே, தாளுக்கும் பின்னட்டைக்கும் இடையே இடைவெளி விட்டு, வெட்டின் நிழல் பின்னால் விழும்படி ஃபிரேம் செய்யப்பட்டிருந்தது. அந்த நிழல் இல்லாமல் அந்த வேலை பாதிதான். விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டுப் புகைப்படம் சரியாக வரவில்லையாம். அதற்காக, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பின்பக்க ஆணிகளைப் பிடுங்கித் தாளை வெளியே எடுத்திருக்கிறார்கள். நான் அதே மண்டபத்தில்தான் இருந்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்.

லேசர் ஆலோசனை சொன்னவர்களே அதிகம். ஸ்கேன் செய்து வைத்திருந்தால் கிழிந்தாலும் கவலையில்லை, கணினியில் போட்டு எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிறார்கள். லேசர் காகிதத்தை வெட்டுவதில்லை, எரிக்கிறது. நுணுக்கமான இடங்களில் ஓரம் பழுப்பாகிவிடும், விரலால் தொட்டால் கரி ஒட்டும். பிளேடு பொருத்திய இயந்திரங்களில் அந்தச் சிக்கல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அவற்றில் வேலை செய்பவர்கள்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர்கள் வடிவமைப்புக்கு உழைக்கிறார்கள், அதை இயந்திர வெட்டு என்றே சொல்லி விற்கிறார்கள். ஆனால் என்னிடம் கோப்பு கிடையாது. பென்சில் கோடுகூடப் பல இடங்களில் கிடையாது. தாளைப் பார்த்துக்கொண்டே, அது எவ்வளவு தாங்கும் என்று கைக்குத் தெரிந்துகொண்டே போகிற வேலை இது. எதை ஸ்கேன் செய்யச் சொல்கிறீர்கள்?

கொஞ்சம் நியாயமாகத் தோன்றிய கேள்வி ஒன்று உண்டு. நான் மதிக்கும் நண்பர் கேட்டது. "காலையில் போட்ட கோலம் மாலையில் அழிந்துவிடுகிறது, யாரும் சண்டை போடுவதில்லையே? அழிவதும் கலையின் ஒரு பகுதி இல்லையா?" இரண்டு இரவுகள் இதை நினைத்துக்கொண்டிருந்தேன். கோலம் மிதிபடத்தான் போடப்படுகிறது. போடுகிறவளே அப்படி முடிவுசெய்துதான் குனிகிறாள். மதுராவிலும் பிருந்தாவனத்திலும் சாஞ்சி என்றொரு கலை இருக்கிறது. காகிதத்தில் கிருஷ்ண லீலைக் காட்சிகளை வெட்டி அச்சாக்கி, அதன்மேல் வண்ணப்பொடி தூவித் தரையில் ஓவியம் எழுப்புவார்கள். தரையில் இருப்பதைப் பிறகு கலைத்துவிடுவார்கள். ஆனால் வெட்டிய அந்த அச்சுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்துகிறார்கள். அழிய வேண்டியது எது, இருக்க வேண்டியது எது என்று வேலை செய்கிறவருக்குத் தெரியும். அதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். செல்லோடேப்பும் கையுமாக நிற்கிறவர் அல்ல.

"நல்ல நோக்கத்துக்காக நடந்த விழா" என்கிறவர்களுக்கு: மேடை போட்டவருக்கும் மைக்செட்காரருக்கும் சமையல்காரருக்கும் பணம் கொடுத்தார்கள், கொடுக்கத்தான் வேண்டும். நல்ல நோக்கம் என்னிடம் மட்டும் ஏன் இலவசமாக எதிர்பார்க்கப்பட்டது?

காகிதம் மலிவு என்பதால்தானே இவ்வளவும்? கான்வாஸ் என்றால் இப்படி டேப் ஒட்டியிருப்பீர்களா? கல்லில் செதுக்கியிருந்தால் இன்னொன்று செதுக்கித் தாருங்கள் என்று கேட்டிருப்பீர்களா?

1941இல் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸுக்குப் புற்றுநோய்க்காகப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு நீண்ட நேரம் நின்று ஓவியம் தீட்ட முடியாத நிலையில், உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டத் தொடங்கினார். அதையே தன் கடைசிக் காலத்தின் முழு வேலையாக்கிக்கொண்டார். இன்று உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் அவை இருக்கின்றன. அவ்வளவு தூரம் போவானேன், சாந்திநிகேதனில் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி இருந்தார். 1950களின் பிற்பாதியில் பார்வையை முற்றிலும் இழந்தார். அதற்குப் பிறகு அவர் கை தொட்டவற்றில் ஒன்று காகிதம். மடித்தும் வெட்டியும் ஒட்டியும் படைத்தார். கண் தெரியாத ஒரு மாபெரும் கலைஞருக்குக் கடைசிவரை கூடவே இருந்த பொருளைத்தான் "தானே" போட்டுச் சொல்கிறீர்கள்.

"பெரிய இடங்களிலும் தவறு நடக்கும், பெருந்தன்மையாக விட்டுவிடுங்கள்" என்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1961இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மத்தீஸின் படகு என்ற காகித வெட்டு வேலை 47 நாட்கள் தலைகீழாகத் தொங்கியது. பார்வையாளராக வந்த ஒரு பங்குத் தரகர்தான், ஒரு பெண்மணி, அதைக் கண்டுபிடித்தார். ஆமாம், பெரிய இடத்திலும் தவறு நடந்தது. விஷயம் பொறுப்பாளர்களுக்குத் தெரிந்ததும் திருப்பி மாட்டினார்கள். காகிதம்தானே, எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று அவர்கள் விட்டுவிடவில்லை. நான் கேட்பதும் அவ்வளவுதான்.

என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள், எனக்கு இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வண்ணக் காகிதம் வெட்டியது அத்தைதான். தாளை எட்டாக மடித்து, சாதாரணக் கத்தரிக்கோலால், எந்தக் கோடும் போடாமல் வெட்டுவாள். பிரித்தால் வரிசையாகக் கிளிகள் நிற்கும். மைதா மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, சணல் கயிற்றில் ஒட்டி, பந்தல் முழுவதும் கட்டுவார்கள். கட்டியவர்கள் ஆண்கள். கொடை நோட்டீசில் வில்லுப்பாட்டுக்காரர் பெயர் இருக்கும், மேளக்காரர் பெயர் இருக்கும், பந்தல்காரர் பெயர் இருக்கும். கோயில் ட்யூப்லைட்டில்கூட உபயம் இன்னார் என்று எழுதி, வெளிச்சம் பாதி மறைந்திருக்கும். அத்தை பெயர் எங்கேயும் வந்ததில்லை. அவளும் கேட்டதில்லை. கொடை முடிந்த மறுநாள் கிளிகள் எல்லாம் தெருவில் கிடக்கும், ஆடுகள் தின்னும்.

அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் வெட்டியதில் ஒரு துண்டுகூட என்னிடம் இல்லை. அந்தக் கிளிகளை நினைவிலிருந்து பலமுறை வெட்டிப் பார்த்திருக்கிறேன். அவளுடைய கழுத்து வளைவு எனக்கு வரவில்லை. ஆகவே இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம் என்பவர்களிடம் என்னால் நிதானமாகப் பேச முடியவில்லை.

அந்த விழாவில் என் வேலைக்குப் பக்கத்தில் பெயர் அட்டையும் இல்லை என்பதைப் பலர் கவனிக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த அட்டை, கழற்றிய ஃபிரேமோடு ஒரு மேசைக்கு அடியில் கிடந்தது. நன்றியுரையில் "அரங்க அலங்காரத்தில் உதவிய சகோதரிக்கு" என்றார்கள். நான் அலங்காரத்துக்கு உதவ வரவில்லை. என் படைப்பைக் காட்சிக்கு வைக்க அழைக்கப்பட்டு வந்தேன். இதுதான் என் தொழில். இதில்தான் வாடகை கட்டுகிறேன், மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறேன். "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வீர்களா?" என்று என்னிடம் கேட்காத கண்காட்சி கிடையாது. பக்கத்தில் நிற்கும் ஆண் ஓவியரிடம் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கழுத்தும் தோளும் இறுகிப்போய், விரலில் பிளேடு பிடித்த இடம் காய்த்துப்போய், இது சும்மா இருக்கும் நேரமா?

சட்டம் பேசுகிறேன் என்று கோபித்துக்கொள்கிறார்கள். பேசத்தான் செய்வேன். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவு இருக்கிறது. தன் படைப்பு தன்னுடையது என்று உரிமை கோரவும், தன் மதிப்பைக் கெடுக்கும் விதத்தில் அது சிதைக்கப்பட்டால் எதிர்க்கவும் படைப்பாளிக்கு உரிமை உண்டு. விற்றுவிட்ட பிறகும் உண்டு. டெல்லியில் அரசின் மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனில் இருந்த, சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். எதிரே நின்றது இந்திய அரசு. அவர் விடவில்லை. 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பாகங்களை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும், ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தீர்ப்பளித்தது. வெண்கலத்துக்கு ஒரு சட்டம், காகிதத்துக்கு ஒரு சட்டம் என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

"இதைப் பொதுவெளியில் எழுத வேண்டுமா, அடுத்த முறை யார் கூப்பிடுவார்கள்?" என்று அக்கறையோடு கேட்ட தோழிக்கு: கூப்பிடாமல் போகட்டும். ஆணியைப் பிடுங்கித் தாளை எடுக்கிற இடத்துக்குப் போவதைவிட என் வீட்டுச் சுவரில் மாட்டி, வருகிற நான்கு பேருக்குக் காட்டுவேன். அதுவும் காட்சிதான். கல்லூரி முடித்துவிட்டு இந்தக் கலைக்குள் வருகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, இலவசமாகக் கேட்கிறார்கள் அக்கா, கொடுக்கலாமா என்று விசாரிக்கிறார்கள். கொடுக்காதீர்கள். கொடுத்தாலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ஃபிரேமைத் திறக்கக் கூடாது, பெயர் அட்டை கூடவே இருக்க வேண்டும், சேதமானால் படைப்பின் விலையைத் தர வேண்டும். காகிதத்தின் விலையை அல்ல.

ஏற்பாட்டாளர்களுக்குக் கடைசியாக. காகிதச் செலவு வேண்டாம், அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். படைப்பின் விலையைக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன், அதைப் பற்றிப் பேச வேண்டுமானால் எழுத்தில் பேசுங்கள். அதற்கு முன், கிழிந்த துண்டுகளை எனக்கு அனுப்புங்கள். என் கைக்கு வந்தது அடிப்பாதி மட்டும்தான். ஓலைகளும் கூடுகளும் இன்னும் உங்களிடம் இருக்கின்றன. டேப்போடு இருந்தால் டேப்போடு அனுப்புங்கள், யாரும் பிரித்தெடுக்க முயல வேண்டாம். சுருட்டாதீர்கள், மடிக்காதீர்கள். இரண்டு கனமான அட்டைகளுக்கு நடுவில் வைத்து, தட்டையாக. கூரியர் செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.