விலை அல்ல, ஊசி முனை

செங்கோட்டை அண்ணாச்சி ஒருவர், விலை உயர்ந்த மூவிங் காயில் ரகக் கார்ட்ரிட்ஜ் (இசைத்தட்டுக் கருவியில் ஊசியைத் தாங்கும் பாகம்) ஒன்று இருந்தால் எல்பி, 78 (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு) இரண்டு வகை இசைத்தட்டையும் அதிலேயே கேட்கலாம் என்று எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்வதால் சொல்கிறேன்: அது சரியில்லை, அண்ணாச்சி. எல்பிக்கான கூம்பு ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான்தான். 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு 65 முதல் 75 மைக்ரான் வரை வேண்டும். சின்ன முனை சுவரைப் பிடிக்காமல் அடியில் இறங்கி அழுக்கோடு உரசும். பாட்டைவிட இரைச்சல்தான் கேட்கும்.

எந்த கார்ட்ரிட்ஜ் என்றாலும் விவரத்தாளில் முனை ஆரத்தைப் பாருங்கள். 78 தட்டுக்கென்றே வரும் ஆர்டோஃபோன் 2எம் 78 கார்ட்ரிட்ஜுக்கு 65 மைக்ரான் என்றே போட்டிருக்கும் (விலையும், அந்த விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜ்களோடு பார்த்தால், கொசுறு). அப்புறம், நாகர்கோவில் பக்கம் இரண்டு ஊசியும் வைத்திருப்பவர்கள் ஒரே 78-ஐ மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.