கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் எடுக்கலாமா?

எம்.இ. சேர்வதற்கான தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான சீட்டா ரிசல்ட் வந்தாலே இன்பாக்ஸில் இதே கேள்விதான். "அண்ணா, எம்.இ. கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் எடுக்கலாமா? பிரிமவேரா சொல்லித் தருவாங்களா?" எடுக்கலாம். ஆனால் ஷெட்யூல் போடும் மென்பொருளான பிரிமவேராவுக்காக எடுக்காதீர்கள். அதைக் கற்றுக்கொள்ள இரண்டு வருடப் படிப்பெல்லாம் தேவையில்லை, ஒரு கோச்சிங் சென்டர் போதும்.

இந்தப் படிப்பில் வகுப்பே தூங்கி வழியும் ஒரு பேப்பர் உண்டு: ஒப்பந்தச் சட்டம். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், தகராறை கோர்ட்டுக்கு வெளியே நடுவர் வைத்துத் தீர்க்கும் 1996 ஆர்பிட்ரேஷன் சட்டம் என்று ஆரம்பித்ததும் "நாம என்ன வக்கீலா?" என்று சிவில் பிள்ளைகள் கடைசி பெஞ்சுக்கு நகர்ந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே முக்கியமான பேப்பர் அதுதான்.

28 நாள் என்றதும் எந்த சிவில் மாணவரும் கான்கிரீட்டின் வலுவைப் பார்க்கும் கியூப் டெஸ்ட் என்பார். இன்னொரு 28 நாளும் இருக்கிறது. வளைகுடா நாடுகளிலும், உலக வங்கி, ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் தரும் கடனில் நடக்கும் பெரிய வேலைகளிலும் பரவலாக இருப்பது ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்தம். கூடுதல் பணமோ காலமோ கேட்பதாக இருந்தால், விஷயம் தெரியவந்த நாளிலிருந்து 28 நாளுக்குள் கான்ட்ராக்டர் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 1999 பதிப்பின் 20.1 பிரிவு. கொடுக்காவிட்டால் கேட்கும் உரிமையே போச்சு.

சைட்டில் நடப்பது என்ன? டிராயிங் தாமதமாக வரும். பீம் இடம் மாறும். கட்டிய கம்பியைப் பிரித்துத் திரும்பக் கட்டுவார்கள். "பார்த்துக்கலாம், ஃபைனல் பில்லில் சேர்த்துக்கலாம்" என்று போனிலேயே பேச்சு முடிந்துவிடும். ஃபைனல் பில் வரும்போது அப்படிச் சொன்ன சார் வேறு ப்ராஜெக்டில் இருப்பார். தாமத அபராதம் மட்டும் கறாராகப் பிடிக்கப்படும். மாறிய டிராயிங்கின் ரிவிஷன் எண்ணும் தேதியும் போட்டு அப்போதே ஒரு பக்கக் கடிதம் கொடுத்திருந்தால் கதையே வேறு.

ஷெட்யூல் போடத் தெரிவது வீண் என்று சொல்லவில்லை. 1957இல் டூபான்ட் கம்பெனியில் உருவான, எந்த வேலை தாமதமானால் மொத்தமும் தாமதமாகும் என்று காட்டும் கிரிட்டிகல் பாத் முறை இன்றைக்கும் சோறு போடுகிறது. தாமதம் யாரால் வந்தது என்று வழக்காடவும் அந்த ஷெட்யூல்தான் சாட்சி. ஆனால் கம்பி கட்டும் பீகார் தம்பிகள் சட் பூஜைக்கு ஊருக்குப் போவதைக் கணக்கில் எடுக்காத ஷெட்யூலை சைட் ஆபீஸ் சுவரில் ஒட்டலாம், அவ்வளவுதான்.

அதனால்தான் பி.இ. முடித்த கையோடு சேர வேண்டாம் என்கிறேன். ஒன்றிரண்டு வருடம் அளவெடுத்து, வேலை நடக்க நடக்கக் கொடுக்கும் ஆர்.ஏ. பில் போட்டு, அதில் குறைத்துவிட்ட குவான்டிட்டிக்குச் சண்டை பிடித்துவிட்டு வாருங்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அபராதத் தொகை உச்ச வரம்புதான், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிற இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவை நீங்களே தேடிப் படிப்பீர்கள். சைட் பார்க்காதவருக்கு அது வெறும் பரீட்சைக் கேள்வி. கேட் நுழைவுத் தேர்வு ஸ்கோர் இருக்கிறது, மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும், வீட்டுக்கும் அது தேவை என்றால் சரி, தாராளமாகச் சேருங்கள். லீவில் மட்டும் வீட்டில் இருக்காமல் ஏதாவது சைட்டில் பில்லிங் பக்கம் போய் உட்காருங்கள்.

அப்புறம், காலேஜ் பார்க்கப் போனால் லேபில் எத்தனை கம்ப்யூட்டர் என்று கேட்காதீர்கள். ஒப்பந்தப் பாடம் எடுப்பவர் எப்போதாவது ஒரு ஆர்பிட்ரேஷனில் உட்கார்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அந்த ஊருக்கே ஜாகை மாற்றலாம்.